எழும்பூர் அருங்காட்சியகமும் ஆதிச்சநல்லூர்த் தொகுப்பும்

சென்னை அரசு அருங்காட்சியகம் 1851இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில் தொடங்கியது. சென்னை இலக்கியச் சங்கம் அளித்த சுமார் 1100 நிலவியல் மாதிரிகளே அதன் முதல் தொகுப்பு. முதல் பொறுப்பாளர் மருத்துவர் எட்வர்டு பால்ஃபர். இடம் போதாமல் 1854இல் எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்கு மாறியது. அங்கே வளர்ந்த உயிரியல் பூங்கா 1863இல் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. எட்கர் தர்ஸ்டன் பொறுப்பாளராக இருந்த காலத்தில், 1896இல், கன்னிமாரா நூலகமும் அரங்கும் சேர்ந்த புதிய கட்டடங்கள் திறக்கப்பட்டன.

பிற்கால விரிவாக்கத்துக்கு முக்கியக் காரணம் செப்புத்திருமேனிகள். வயலை உழும்போதும் கடைக்கால் தோண்டும்போதும் வெளிப்பட்ட திருமேனிகள், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி ஆட்சியர் வழியாக எழும்பூர் வந்து சேர்ந்தன. திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் இங்கே இருக்கின்றன. சோழர் வார்ப்புக்கலையை இவ்வளவு நிறைவாகக் காட்டும் இடங்கள் உலகில் மிகக் குறைவு. 1963இல் இவற்றுக்கென்றே தனிக் கட்டடம் எழுந்தது.

சோழருக்கு மிக முந்தைய வெண்கலமும் இதே வளாகத்தில் உண்டு. அது தூத்துக்குடி மாவட்டத்து மண்ணில் கிடைத்தது. சாயர்புரம், ஏரல் பக்கத்தார் நன்கறிந்த ஆதிச்சநல்லூர், தாமிரபரணியின் தென்கரையில் 114 ஏக்கர் பரப்புள்ள ஈமக்காட்டுப் பரம்பு. 1876இல் ஜெர்மானியரான ஃபியோடர் யாகோர் எடுத்த பொருள்கள் பெர்லினுக்குப் போயின. 1899 முதல் 1905 வரை தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த தொகுப்பு எழும்பூருக்கு வந்தது: பொன் நெற்றிப்பட்டங்கள், இரும்பு வாள்கள், பறவையும் விலங்கும் அமர்ந்த வெண்கல மூடிகள். ஒரு மூடியின் உச்சியில் விலங்கொன்றை இத்தனை உயிரோட்டத்தோடு நிறுத்தியவர்கள் சிற்பிகளேயன்றி வேறல்லர்.

ஆனால் கண்ணாடிப் பேழையில் தனித்துக் கிடக்கும் நெற்றிப்பட்டத்தைப் பார்த்து, அது எந்தத் தாழியில், யாருடைய எலும்போடு, எந்தப் பானையின் அருகில் கிடந்தது என்று அறிய முடியாது. 2004–05 அகழாய்வில் வெளிப்பட்ட 160க்கும் மேற்பட்ட முதுமக்கள் தாழிகள் அந்தச் சூழலை மீண்டும் காட்டின. 2020ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட், சிறப்பாக வளர்க்க வேண்டிய ஐந்து தொல்லியல் இடங்களில் ஆதிச்சநல்லூரையும் சேர்த்தது. 2023 ஆகஸ்ட் 5 அன்று அங்கே களக் காட்சியகம் திறக்கப்பட்டது; அகழ்ந்த குழிகளின் மேல் கண்ணாடித் தளம் பரப்பியிருக்கிறார்கள். தாழிகள் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன, பார்ப்பவர் அவற்றின் மேல் நடக்கிறார். பெரிய அருங்காட்சியகம் ஒன்றுக்கும் அன்றே அடிக்கல் நாட்டப்பட்டது.

தொகுப்பு வளர வளரத் தலைநகரில் கட்டடம் எழுப்புவதைவிட இந்த வழி நல்லது. ரீ எடுத்துச் சென்றவற்றில் ஒரு பகுதியாவது இந்தப் புதிய கட்டடத்தில் இடம்பெற வேண்டும். சாயர்புரத்துப் பள்ளிப் பிள்ளைகள் தம் ஊர்ப்பக்கத்துப் பொன்னைக் காண 600 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டியதில்லை.