தண்டுவடக் காயமும் பணிவிடையின் வரலாறும்

கி.மு. 1600ஆம் ஆண்டளவில் எழுதப்பெற்ற எகிப்திய மருத்துவச் சுவடியொன்று, கழுத்தெலும்பு நழுவிக் கைகால்கள் உணர்விழந்தவனைச் சிகிச்சைக்கு அப்பாற்பட்டவன் என ஒதுக்குகிறது. இத்தீர்ப்பு ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் நிலைத்தது. முதல் உலகப்போரில் தண்டுவடம் சிதைந்த வீரருள் பெரும்பாலோர் மாண்டனர். அவர்களுள் பலரைக் கொன்றது காயமன்று. படுக்கைப்புண்ணும் சிறுநீர்ப்பாதையில் பற்றிய கிருமிகளுமேயாம்.

1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இந்நிலை மாறத் தொடங்கிற்று. ஜெர்மனியிலிருந்து அகதியாய் வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், இரண்டு மணிக்கொருமுறை, நள்ளிரவிலும், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும் ஒழுங்கை நிலைநாட்டினார். உணர்வற்ற உடல் நெடுநேரம் ஒரே பக்கம் அழுந்தின் இரத்தவோட்டம் தடைப்பட்டுத் தசை அழுகும். நோயாளி வலியை அறியார். ஆகவே அவருக்காகப் பிறர் அறிதல் வேண்டும். முறிந்த தண்டுவடத்தை அவர் இணைத்தாரல்லர். அதனை முன்போல் இயங்கச் செய்யும் மருத்துவம் இன்றும் இல்லை. உயிர் காத்தது பெரிதும் பணிவிடையே.

தமிழகத்தில் இவ்வரலாறு, பூந்தமல்லி வழியே மேற்கு நோக்கும் நெடுஞ்சாலையில் உள்ள வேலூரில் வேர்கொண்டது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் இடுப்பின்கீழ்ச் செயலிழந்தார். எனினும் சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. பணிவிடை பெற்றவரே பணிவிடைக்கு வழிவகுத்தார். 1972இல் பத்மஸ்ரீ பெற்ற அவர் 1986இல் மறைந்தார்.

இவ்வரலாறு போதகராகிய நம்மை நோக்கி ஒரு வினா எழுப்புகிறது. திமிர்வாதக்காரன் எழுந்து நடந்ததை நாம் ஆர்வத்துடன் பிரசங்கிக்கிறோம்; அவனைச் சுமந்து வந்த நால்வரைப் பற்றிச் சுருக்கமாகவே பேசுகிறோம். அம்பத்தூரிலோ ஆவடியிலோ சாரத்திலிருந்து விழுந்து முடங்கிய தொழிலாளிக்கு மருத்துவமனை வாசம் சில மாதங்களே, வீட்டுவாசம் பல்லாண்டுகள். அங்கே இரவுதோறும் விழித்தெழுபவர் பெரும்பாலும் மனைவி அல்லது தாய். முதல் மாதத்தில் திரளாகச் சென்று ஜெபிக்கும் சபை, மூன்றாம் ஆண்டில் எங்கே இருக்கிறது?

சுகம் வேண்டி ஜெபிப்பதை நாம் விடவேண்டுவதில்லை. ஆனால் ஜெபம் முடிந்தபின், “இன்றிரவு இவரைப் புரட்டிவிடுபவர் யார்?” என்றும் கேட்போமாக. பயிற்சி பெற்ற சபையார் இருவர் வாரத்தில் ஓரிரவு அப்பொறுப்பை ஏற்பின், அத்தாய் உறங்குவாள். அதுவும் திருச்சபையின் சுகமளிக்கும் ஊழியமே.