கூட்டமும் தனிமனிதப் பொறுப்பும்: கொட்டாஞ்சேனை முதல் வெள்ளவத்தை வரை

1883ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25ஆந் திகதி உயிர்த்த ஞாயிறு தினமாகும். அன்று கொழும்பு கொட்டாஞ்சேனையில் பௌத்தர் நடத்திய ஊர்வலமொன்று கத்தோலிக்கக் கூட்டத்தினரால் தாக்கப்பட்டது. 1873ஆம் ஆண்டுப் பாணந்துறை விவாதத்தினாற் புகழ்பெற்ற மீகெட்டுவத்தை குணானந்த தேரரின் தீபதுத்தமாராம விகாரையை நோக்கி அவ்வூர்வலம் வந்துகொண்டிருந்தது. விகாரையும் புனித லூசியாள் பேராலயமும் ஒன்றுக்கொன்று அண்மையில் அமைந்தவை. விகாரையின் விழா பல வாரங்கள் நீடித்தமையாலும், அவ்வாரங்கள் கத்தோலிக்கரின் தவக்காலத்தோடு இணைந்து வந்தமையாலும், மோதல் நேருமென்பதை எவரும் முன்னரே உணர்ந்திருத்தல் கூடும். ஊர்வலத்துக்கு அனுமதி வழங்கியோர் பொலிஸார். கூட்டம் திரண்டபோது அதனைத் தடுக்கப் போதிய வலுவின்றி நின்றோரும் அவர்களே. ஈற்றில் இராணுவத்தினர் அழைக்கப்பட்டனர்.

கன்னி மரியாளையும் சிலுவையையும் இழிவுபடுத்தும் உருவங்கள் ஊர்வலத்தில் எடுத்துவரப்படுகின்றன என்ற வதந்தியே கூட்டத்தைத் திரட்டியது. தேவாலய மணிகள் ஒலித்தன. தாக்க வந்தோர் பலர் நெற்றியில் வெண்ணிறச் சிலுவைக் குறி தீட்டியிருந்தனர் என்பர். இக்குறி ஊன்றி நோக்கத்தக்கது. அது ஒருவனை இன்ன பக்கத்தவன் என்று காட்டுகின்றது; அதே வேளையில் அவன் இன்னான் என்பதை மறைத்தும் விடுகின்றது. குறியிட்ட நெற்றிகளைக் கண்டோர் பலர் இருந்தும், நீதிமன்றத்தில் முகங்களை அடையாளங்காட்டுதல் இயலாதாயிற்று. விசாரணைக் குழுவொன்று அமைக்கப்பட்டது. ஆயினும், சான்று போதாதெனக் கூறப்பட்டுக் குற்றஞ்சாட்டப்பட்டோர் தண்டனையின்றி விடப்பட்டனர்.

இதனால் மனம் வெதும்பிய பௌத்தர் 1884இல் பௌத்த பாதுகாப்புக் குழுவை நிறுவினர். கேணல் ஒல்கொட் அவர்களின் பிரதிநிதியாக இலண்டன் சென்று குடியேற்ற நாட்டு அலுவலகத்தில் முறையிட்டார். 1885இல் வெசாக் பௌர்ணமி பொது விடுமுறையாக்கப்பட்டது. அவ்வாண்டு வெசாக் நாளன்று தீபதுத்தமாராமத்திலேயே பௌத்தக் கொடி ஏற்றப்பட்டது. ஒரு சமூகம் என்ற வகையிற் பௌத்தருக்கு ஈடு கிடைத்தது. அடிபட்டவனுக்கு, அடித்தவன் யார் என்ற விடை கிடைக்கவில்லை. பின்வந்த கலகங்களிலும் இவ்வேறுபாடு தொடர்ந்து வருதலைக் காணலாம்.

இங்கு ஒரு பொருத்தம் வியப்புக்குரியது. கொட்டாஞ்சேனைக் கலகம் நிகழ்ந்த அதே 1883ஆம் ஆண்டிலேயே இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக நிறைவேறியது. ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சட்டம் விலக்கிய நோக்கோடு கூடின் அது சட்டவிரோதமான கூட்டம் என 138ஆம் பிரிவு கூறுகின்றது. அக்கூட்டத்தின் பொது நோக்கத்தை நிறைவேற்றுதற்கு ஒருவன் செய்த குற்றத்துக்கு, அவ்வேளை அக்கூட்டத்தில் உறுப்பினனாக இருந்த ஒவ்வொருவனும் குற்றவாளியாவான் என்பது 146ஆம் பிரிவு. 'நான் கல்லெறியவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தேன்' என்னும் கூற்று எப்போதும் தப்பும் வழியாகாது. கூட்டத்தினுள் தனிமனிதன் கரைந்துவிடுவதில்லை என்பதே இதன் உட்கிடை. ஆனால் சட்டத்திற்குக் கண் இல்லை; பொலிஸாரே அதன் கண்கள். நின்றவர் யார், வந்தவர் யார் என்பதை அவர்கள் குறித்துக்கொள்ளாவிடின் 146ஆம் பிரிவு ஏட்டிலேயே கிடக்கும். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துக் கூட்டங்களை ஆராய்ந்த ஜோர்ஜ் றூடே என்னும் வரலாற்றாசிரியர், பொலிஸ் பதிவேடுகளைக் கொண்டே அக்கூட்டத்தினரின் பெயரையும் தொழிலையும் மீட்டெடுத்தார். பதிவேடு இருந்தமையாலன்றோ அது கைகூடிற்று!

1915ஆம் ஆண்டில் ஆட்சியாளர் மறுமுனைக்குச் சென்றனர். முஸ்லிம்களுக்கெதிராக எழுந்த கலகத்தை ஒடுக்க ஜூன் 2ஆந் திகதி இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி ஜூலை 7ஆந் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். பாதிக்கப்பட்ட பகுதிகளில், சேதத்துக்கான பணம் குற்றமிழைத்தோர், இழையாதோர் என்ற பாகுபாடின்றிச் சிங்கள மக்கள்மீது சுமத்தப்பட்டது. 1883இல் எவனும் பொறுப்பாளியல்லன்; 1915இல் எல்லோரும் பொறுப்பாளிகள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டநிரூபண சபையில் இதனைக் கண்டித்துரைத்ததோடு, 1916இல் இலண்டனில் நூலொன்றும் வெளியிட்டார். அவரது வாதத்தில், கடையிழந்த முஸ்லிம்களின் துயர் போதிய இடம்பெறவில்லை என்பதையும் கூறாதிருத்தல் தகாது.

1956 ஜூன் 5ஆந் திகதி காலிமுகத்திடலில் தமிழரசுக் கட்சியினரின் சத்தியாக்கிரகம் தாக்கப்பட்டபோது பொலிஸார் பார்த்து நின்றனர். 1958 மே மாதக் கலவரம் பல நாட்கள் பரவிய பின்னரே 27ஆந் திகதி அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டது. 1977 கலவரத்தை முன்னாள் பிரதம நீதியரசர் சன்சோனி தலைமையிலான ஆணைக்குழு விசாரித்தது. அதன் அறிக்கை 1980இல் வெளிவந்தது. ஆயின் 1982இல் நிறைவேறிய சட்டமோ 1977 ஆகஸ்டில் ஒழுங்கு நிலைநாட்டும் பேரில் நல்லெண்ணத்துடன் செயற்பட்ட அமைச்சரையும் அதிகாரிகளையும் வழக்கினின்றும் காத்தது. அப்பாதுகாப்பு 1988இல் அவ்வாண்டு டிசம்பர் வரைக்கும் நீட்டப்பட்டது. 1983 ஜூலையும் அக்கால எல்லைக்குள் அடங்கியது.

கொட்டாஞ்சேனைக் கலகத்திற்கு ஒரு நூற்றாண்டு கழித்து, 1983 ஜூலை 24ஆந் திகதி, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையே, கனத்தை மயானத்தருகே கலவரம் மூண்டது. முதல்நாள் இரவு திருநெல்வேலியிற் கொல்லப்பட்ட பதின்மூன்று இராணுவத்தினரின் உடல்களை எதிர்பார்த்து அங்கு மக்கள் திரண்டிருந்தனர். மறுநாள் வெள்ளவத்தையிற் காலி வீதிக் கடைகளும், கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளிலிருந்த வீடுகளும் எரிந்தன, கொட்டாஞ்சேனையும் தப்பவில்லை. அவசரகாலநிலை மே மாதம் முதலே நடைமுறையிலிருந்தது. எனவே அதிகாரம் போதவில்லை என்று கூறுதற்கிடமில்லை. ஊரடங்குச் சட்டமோ திங்கட்கிழமை பிற்பகலிலேயே வந்தது. பல இடங்களில் பொலிஸாரும் இராணுவத்தினரும் கண்டும் காணாதார்போல் நின்றனர். கூட்டத்தினர் சிலரின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. எரிக்கப்பட வேண்டியவரின் பெயரும் முகவரியும் அதில் வரிசையாக இருந்தன. எரித்தோரின் பெயர்களை வரிசைப்படுத்த வேண்டியவர்கள் எழுதுகோலை எடுக்கவில்லை.

வீதியிற் கூட்டம் பெரிதாயிருந்தது, ஆளைப் பிரித்தறிய முடியவில்லை எனச் சாட்டுக் கூறலாம். வெலிக்கடைச் சிறையில் அச்சாட்டுக்கும் இடமில்லை. ஜூலை 25, 27ஆந் திகதிகளில் அங்கு ஐம்பத்து மூன்று தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். மதிலும் பூட்டும் காவலும் உள்ள இடம் அது. உள்ளிருந்தோர் யாவரினதும் பெயர்கள் பதிவேட்டில் இருந்தன. எனினும் அக்கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

அதே நாட்களில் தம் அயலிலிருந்த தமிழரை வீட்டினுள் மறைத்துவைத்து, வாயிலில் நின்று கூட்டத்தைத் திருப்பியனுப்பிய சிங்களக் குடும்பத்தினரும் வெள்ளவத்தையில் இருந்தனர். அவர்களும் அதே வதந்திகளைக் கேட்டவர்களே. தம் வீட்டுக்கும் தீ வைக்கப்படலாம் என்பதை அறிந்தே அவர்கள் வாயிலில் நின்றனர்.

2001இல் முன்னாள் பிரதம நீதியரசர் சர்வானந்தா தலைமையில் உண்மை அறியும் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. 2004 ஜூலையில் நட்டஈடு வழங்கும் வைபவத்தில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க அரசின் பேராலும் குடிமக்கள் அனைவரின் பேராலும் மன்னிப்புக் கோரினார். அவ்வனைவருள் வாயிலில் நின்றோரும் அடங்குவர். வாக்காளர் இடாப்புடன் வந்தோரும் அடங்குவர்.