இரு சட்டங்கள், ஓர் உடல்

கடத்தூர் போன்ற ஊர்களில் ஆண்டுதோறும் சுவரேறும் நாள்காட்டித் திருமகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1894இல் இராஜா இரவிவர்மா பம்பாயில் நிறுவிய அச்சுக்கூடம் தெய்வப் படங்களை நாடெங்கும் பரப்பியது. கோயில் நுழைவு மறுக்கப்பட்ட மக்களும் இறைவியின் உருவைத் தம் வீட்டிலேயே வணங்க அப்படங்கள் வழிசெய்தன. ஆயினும், அவ்விறைவியின் நிறமும் புடவையும் அணிகலனும் மேற்குடிப் பெண்டிருடையவையே. படம் பொதுவாயிற்று, முகம் பொதுவாகவில்லை.

இதற்கு முன்பே வேறொரு படத்தொகுப்பும் தோன்றியிருந்தது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்னும் ஆங்கில நூல், மனிதரைச் சாதி, பழங்குடி எனப் பிரித்துப் புகைப்படங்களில் அடுக்கியது. பின்னர், சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் மக்களின் மூக்கையும் மண்டையையும் கருவிகொண்டு அளந்தார். தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி, கே. ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். திருமகளின் சட்டத்துள் இடம்பெறாத பெண் இந்தச் சட்டத்துள் நிறுத்தப்பட்டாள். பெரும்பாலும் தன் பெயரின்றி, குலப்பெயரால் மட்டும்.

இவ்விரு சட்டங்களையும் அருகருகே வைத்தவர் பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா. சிற்பம் பயின்ற அவர், புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் இணைந்து 2000 முதல் 2004 வரை, தென்னிந்தியப் பெண்களைப் பற்றிய ஒரு படவரிசையை உருவாக்கினார். அச்சுப்படத் திருமகளாகத் தாமே நின்றார். அளவுக் கட்டமிட்ட திரையின் முன் தோடர் பெண்ணாகவும் தாமே நின்றார். வேளாங்கண்ணி மாதாவும் திரைப்பட நாயகியும் அவ்வரிசையில் உண்டு. உடையும் திரையும் மாறியவுடன், ஒரே உடல் வணங்கத்தக்கதாகவும் அளக்கத்தக்கதாகவும் ஆயிற்று. உயர்வும் தாழ்வும் உடலில் இல்லை. சட்டமிடுவோர் கையில் உள்ளன.

எனினும், கற்ற நகரப் பெண் அவ்வேடத்தைக் களைந்துவிடலாம். அளக்கப்பட்டவளால் இயலுமா என்னும் வினா எஞ்சுகிறது. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் கேரி மே வீம்ஸ் வேறு வழி கண்டார். 1850இல் தென் கரோலினாவில் இன ஆய்வுக்கென ஆடையகற்றி எடுக்கப்பட்ட அடிமைகளின் படங்களை, 1995–96இல் அவர் செந்நிறமாக்கி, மேற்கண்ணாடியில் தம் சொற்களைப் பொறித்தார். அவர்களின் இடத்தில் தாம் நில்லாமல், அவர்களை நோக்கியே பேசினார்.

கவிஞர்களும் சட்டமிடுவோரே. நாற்று நடுபவளைத் தெய்வமாக்குவதும் துயரத்தின் சான்றுப்பொருளாக்குவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். அவள் பெயரைக் கேட்டறிவது கவிதையின் முதற்கடமை.