கணக்குப் போடும் நேரமா, காத்திருக்கும் நேரமா?

ஆமத்தூர், சிவகாசி வட்டாரப் பட்டாசு ஆலைகளில் ஒரே பெரிய கூடம் இருக்காது. தள்ளித் தள்ளிச் சின்ன அறைகள்தான். பாதுகாப்பு விதிப்படி ஓர் அறையில் சில பேர், கொஞ்சம் மருந்து. அது தீர்ந்தால் மறுபடி கொண்டுவர வேண்டும். கை எவ்வளவு வேகமாக ஓடினாலும் மருந்து வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். இங்கே அந்தக் காத்திருப்பு உயிரைக் காக்கிறது. செயற்கை நுண்ணறிவை ஓட்டும் கிராபிக்ஸ் சிப்புக்குள்ளும் இதே காத்திருப்பு உண்டு. ஆனால் அங்கே அது வெறும் நஷ்டம்!

ஒரு நிரலின் நேரம் எந்தெந்த வேலையில் போகிறது என்று பிரித்து அளப்பதற்குப் பெயர் புரொஃபைலிங். காஸ்ட் அக்கவுண்டிங் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே ரூபாய், இங்கே விநாடி, அவ்வளவுதான்.

1971-ல் டொனால்ட் கனூத் பல ஃபோர்ட்ரான் நிரல்களை அளந்து பார்த்தார். நிரலின் 4 சதவீதத்துக்கும் குறைவான பகுதியே பாதிக்கு மேற்பட்ட நேரத்தை விழுங்கியது. அளக்காமல் ஊகித்தால் மீதி 96 சதவீதத்தில் வீணாக உழைக்க வேண்டியதுதான்.

2007-ல் என்விடியாவின் கூடா வெளிவந்தது. விளையாட்டுக்கான கிராபிக்ஸ் சிப் பொதுக் கணக்குகளுக்கும் எளிதில் பயன்பட்டது. 2009-ல் ஸ்டான்ஃபோர்டில் ரஜத் ரெய்னா, ஆனந்த் மாதவன், ஆண்ட்ரூ இங் மூவரும் அதில் கற்றல் நிரல்களை ஓட்டி 70 மடங்கு வரை வேகம் கண்டார்கள். சிப்பின் நினைவகத்துக்கும் வெளியே உள்ள நினைவகத்துக்கும் இடையே தரவு அலைவதைக் குறைத்தது அதில் முக்கியமான உத்தி.

அதே ஆண்டு வில்லியம்ஸ், வாட்டர்மேன், பேட்டர்சன் ஆகியோர் 'ரூஃப்லைன்' என்ற வரைபடத்தைத் தந்தார்கள். ஒரு வேலையைத் தடுப்பது கணக்கிடும் வேகமா, தரவு வந்து சேரும் வேகமா? அந்தப் படம் பார்த்ததும் சொல்லிவிடும்.

மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை 2016-ல் கூகுளின் சொந்த சிப்பான டிபியூவை அறிவித்தார். 2017-ல் அதன் பொறியாளர்கள் இதே படத்தை வைத்து அளந்தபோது, 6 நிரல்களில் 4 நிரல்களைத் தடுத்தது நினைவகத்தின் வேகம்தான்!

2022-ல் வந்த ஃபிளாஷ் அட்டென்ஷன் இன்னும் வியப்பு. டிரி டாவோ குழுவினர் பெரிய அட்டவணையை நினைவகத்தில் எழுதி எழுதிப் படிப்பதை விட்டுவிட்டு, துண்டு துண்டாகச் சிப்புக்குள்ளேயே முடித்தார்கள். ஜிபிடி-2 சோதனையில் கணக்கீடுகள் 6,660 கோடியிலிருந்து 7,520 கோடியாகக் கூடின. நினைவகப் போக்குவரத்தோ 40.3 ஜிபியிலிருந்து 4.4 ஜிபியாகச் சரிந்தது. நேரம் 41.7 மில்லி விநாடியிலிருந்து 7.3 ஆனது. வேலை கூடியது, நேரம் குறைந்தது!

அந்தச் சோதனை நடந்தது ஏ100 சிப்பில். புனே சி-டாக்கின் பரம் சித்தி கணினி 2020-ல் அமைக்கப்பட்டதும் அதே வகை சிப்புகளால்தான். இப்படிப்பட்ட விலையுயர்ந்த சிப் காத்திருக்கும் ஒவ்வொரு விநாடிக்கும் காசு போகிறது. பணக்கார நிறுவனம் இன்னும் நாலு சிப் வாங்கிக்கொள்ளும். கையில் காசில்லாதவர்கள் முதலில் வாங்க வேண்டியது சிப் அல்ல, அளவுகோல்.