நான்கு மணி நேர அவகாசம்

2020 மார்ச் 23 அன்று நடிகரும் மக்கள் நீதி மய்யத் தலைவருமான கமல்ஹாசன், பிரதமர் நரேந்திர மோடிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். அமைப்புசாராத் தொழிலாளர்களை மறந்துவிடலாகாது என்பதே அதன் சாரம். மறுநாள் இரவு 8 மணிக்குத் தொலைக்காட்சியில் தோன்றிய பிரதமர், நள்ளிரவு முதல் 21 நாள்களுக்கு நாடு முழுவதும் ஊரடங்கு என அறிவித்தார். கிடைத்த அவகாசம் நான்கு மணி நேரம். 2016 நவம்பர் 8 அன்று பணமதிப்பிழப்பும் இரவு 8 மணிக்கு, இதே அவகாசத்துடன்தான் வந்தது.

ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கேற்றச் சொன்னார் பிரதமர். எங்கள் மேற்கு மாம்பலத்திலும் ஏற்றினோம் (பார்க்க அழகாகத்தான் இருந்தது). மறுநாள் வெளியான கமலின் அடுத்த மடல், விளக்குக்கு எண்ணெய் வார்க்கும் வீடுகளையும் சமையலுக்கே எண்ணெய் இல்லாத வீடுகளையும் அருகருகே நிறுத்தியது. பணமதிப்பிழப்பின் பிழை இன்னும் பெரிதாகத் திரும்புகிறதோ என அஞ்சியது.

மருத்துவமனைகள் ஆயத்தமாகக் காலம் வேண்டும் என்ற ஆளுந்தரப்பு வாதத்தில் நியாயம் உண்டு. மார்ச் 29 வானொலி உரையில் பிரதமரே மக்களிடம் மன்னிப்பும் கோரியிருந்தார். ஆனால் ஊரடங்கு வேண்டுமா என்பதன்று இங்கு வழக்கு. தொழிலாளர்களுக்கான சிறப்பு ரயில்கள் மே 1 அன்றுதான் புறப்பட்டன. அதற்குள் பல்லாயிரவர் நடக்கத் தொடங்கிவிட்டனர். வழியில் இறந்தோர் எத்தனை பேர் எனச் செப்டம்பர் 14 அன்று நாடாளுமன்றத்தில் கேட்கப்பட்டபோது, அத்தகைய கணக்கு ஏதும் தம்மிடம் இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் விடையளித்தது.