ஓடுவதற்கு முன்னரே தோற்றவர்கள்

இளம் மெய்வல்லுநர்களுக்கு நேரந்தவறாமையைப் போதிக்கும் பயிற்றுநர்களைக் காணும்போதெல்லாம் 1972 மியூனிச் ஒலிம்பிக்கை நினைத்துக்கொள்வேன். அமெரிக்காவின் எடி ஹார்ட், ரே ரொபின்சன் இருவரும் அவ்வாண்டுத் தகுதித் தேர்வில் 100 மீற்றரை 9.9 செக்கன்களில் ஓடி உலக சாதனையைச் சமன்செய்திருந்தனர். ஆனால் ஆகஸ்ட் 31ஆம் திகதி காலிறுதி ஓட்டத்தைத் தவறவிட்டனர். பயிற்றுநர் ஸ்டான் ரைட் நம்பியிருந்தது பழைய நேர அட்டவணை. பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது தொலைக்காட்சியைப் பார்த்தே ஓட்டங்கள் தொடங்கிவிட்டதை அறிந்தனர். விரைந்து சென்றும், மூன்றாமவரான ரொபேர்ட் டெய்லருக்கு மட்டுமே தமது ஓட்டம் கிடைத்தது. அவர் இறுதியில் வெள்ளி வென்றார். ஹார்ட் பின்னர் அஞ்சலோட்டத்தில் தங்கம் பெற்றார். ரொபின்சன் வெறுங்கையுடன் திரும்பினார்.

ரைட் பழியைத் தாமே ஏற்றார். ஆயினும் இழப்பு வீரர்களுடையது. வீரர்கள் நேரத்துக்கு வரவேண்டுமென எதிர்பார்க்கும் பயிற்றுநர், முதலில் தம் கையிலுள்ள அட்டவணையைச் சரிபார்க்க வேண்டும் என்பேன்.