சட்டத்தின் கண்

எண்ணூரை அடுத்த நெட்டுக்குப்பத்தில் நான் தலைமையாசிரியனாய் இருந்தபோது, ஒரு மாணவனின் தந்தை வலக்கையைத் துண்டால் மூடியவாறு என்னைக் காண வந்தார். அக்கையில் மூன்று விரல்கள் இல்லை. அவர் வேலை செய்த ஆலையில், சுழலும் சக்கரத்தை மூடியிருக்க வேண்டிய காப்புத் தகட்டை, வேலை விரைவாக நடக்கட்டும் என்று கழற்றி வைத்திருந்தார்களாம். “ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் மாட்டுவார்கள், ஐயா” என்றார். அவர் வருவது முன்னரே எப்படியோ தெரிந்துவிடுமாம்.

மாணவர்களே, சட்டம் இருந்தால் மட்டும் போதுமா? ஆலைக்குள் அது நடக்கின்றதா என்று காண்பவர் யார்? இவ்வினாவுக்கு இங்கிலாந்து முதலில் விடை தேடியது. 1802-ஆம் ஆண்டுச் சட்டம் அப்பொறுப்பை உள்ளூர் நீதிபதிகளிடமும் பாதிரிமார்களிடமும் விட்டது. சட்டம் ஏட்டளவில் நின்றது. 1833-இல் ஊதியமும், ஆலைக்குள் நுழையும் உரிமையும் பெற்ற நான்கு ஆய்வாளர்கள் அமர்த்தப்பட்டனர். அன்றுதான் சட்டத்துக்குக் கண் திறந்தது.

நம் நாட்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் பிறந்தது. ஏழு வயது நிரம்பாத குழந்தைகளை வேலைக்கு வைப்பதை அது தடுத்தது. ஆனால் நூறு பேருக்குக் குறைந்த ஆலைகளைத் தொடவில்லை. விடுதலைக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டுச் சட்டம் விரிவானது. பொறிகளுக்குக் காப்பு வேண்டும் என்றது. ஆய்வாளர் ஆலைக்குள் நுழையலாம், பொறிகளைச் சோதிக்கலாம், பதிவேடுகளைக் கேட்கலாம். குற்றம் கண்டால் வழக்குத் தொடுக்கலாம். தண்டனை விதிப்பது நீதிமன்றமே.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 81-ஆம் உடன்படிக்கையை இந்தியா 1949-இல் ஏற்றது. ஆய்வாளர் முன்னறிவிப்பின்றி இரவிலும் பகலிலும் நுழையலாம் என்பது அதன் ஒரு விதி. முறையிட்டவர் யார் என்பதை அவர் வெளியிடலாகாது, முறையீட்டின் பேரில் வந்ததாகவும் முதலாளியிடம் சொல்லலாகாது என்பது மற்றொன்று.

1984-இல் போபாலில் நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்தது. அதன் விளைவாக 1987-இல் சட்டம் திருத்தப்பட்டது. அபாயமான தொழில்களில், உயிருக்கு உடனடி ஆபத்து உண்டென்று அஞ்சும் தொழிலாளர், நிர்வாகத்திடம் கூறுவதோடு ஆய்வாளருக்கும் அறிவிக்கும் உரிமை பெற்றனர். இது தொழிலாளர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. 2023 டிசம்பர் 26-ஆம் நாள் இரவு, எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. உறங்கிக்கொண்டிருந்த பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி எழுந்தோடினர். ஆலையின் காப்பு ஊரின் காப்பும் அன்றோ?

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இன்று இருப்பது, 2020-இல் இயற்றப்பெற்று 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டம். இதில் ஆய்வாளர்க்கு வழிகாட்டும் கடமையும் சேர்ந்துள்ளது. சட்டங்கள் மாறலாம், ஆனால் கண்ணுக்குச் செய்தி சொல்ல ஒரு வாய் எக்காலத்தும் வேண்டும்.

“தகடு இல்லை என்று முன்பே ஆய்வாளருக்கு எழுதியிருக்கலாமே?” என்று அத்தந்தையைக் கேட்டேன். “பெயர் தெரிந்தால் வேலை போய்விடுமே, ஐயா” என்றார். முறையிடுவோர் பெயரைக் காக்கும் விதி ஒன்று உண்டென்பதை அவர் அறியார். அவரும் என் பள்ளியில் படித்தவரே. அதை நான் கற்பிக்கவில்லை. ஆகவே இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.